வாட்ச்மேன் கோபியும் இறாலும் வளையை அடைத்துக்கொண்டு ஆறு நாள் ஆகிறது, மணலைக் கிளறிப் பார்க்கலாமா?

நிலாஅம்மா (ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்) எழுதியது:

வணக்கம். கடல்நீர்த் தொட்டிக்கு நான் புதிது. ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பல வருஷம் கப்பி, பீட்டா என்று நன்னீர் மீன்கள் மட்டுமே வளர்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மகள் நிலா தொடக்கநிலை மூன்று படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் சீருடைகூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு நாளாக என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறாள், "அம்மா, செத்துப் போச்சா?"

எங்களுடையது வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, தொட்டி 90 லிட்டர். மணல் எட்டு சென்டிமீட்டர் போட்டிருக்கிறேன், மேலே மூன்று பாறைகள். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு யெல்லோ வாட்ச்மேன் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும் வாங்கினோம். இரண்டும் ஒரே வளையில் சேர்ந்து வாழும் என்றார்கள். மீன் என் சுண்டுவிரல் அளவு. எலுமிச்சை மஞ்சள் நிறம், முகமெல்லாம் குட்டிக் குட்டி நீலப் பொட்டுகள். வாய் கீழ்நோக்கி வளைந்து எந்நேரமும் கோபமாக இருப்பது போலவே ஒரு முகம். இறால் வெளிர் மஞ்சளில் பழுப்புத் திட்டுகளோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்ட பிறகுதான் கவனித்தேன், பிஸ்டல் இறாலுக்கு இருக்க வேண்டிய அந்தப் பெரிய இடுக்கிக் கை இல்லை. ஒரு பக்கம் மெல்லிய சின்னக் கை, மறுபக்கம் மொட்டை. கடையில் கேட்டால் "வளர்ந்துவிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆனால் இரண்டும் சேர்ந்த அழகை மறக்கவே முடியாது. முதல் நாள் மீன் இடது மூலையில், இறால் வலது மூலையில். மறுநாள் காலையில் பார்த்தால் நடுப்பாறைக்கு அடியில் ஒரு ஓட்டை, வாசலில் மீன். இறால் மணலை அணைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கொட்டிவிட்டுப் போகிறது, மறுபடி வருகிறது. அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வேலையும். வெளியே வரும்போதெல்லாம் அதன் நீண்ட மீசை ஒன்று மீனின் வால் பக்கம் தொட்டபடியே இருக்கும்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஆறு நாளாக இறாலைக் காணவில்லை. வாசல் மணலால் மூடிக் கிடக்கிறது. மீன் இரண்டு தடவை மட்டும், விளக்கு அணைகிற நேரத்தில், பாறையின் பின்பக்கம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. சாப்பாடு போட்டாலும் வரவில்லை. நேற்று வாசலுக்கு ஒரு விரல் தள்ளி இறாலின் உடல் மாதிரி ஒன்று கிடந்தது. எடுத்துச் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன், மகளிடம் காட்டவில்லை.

இறால் செத்துவிட்டதா? பாறையைத் தூக்கி மணலைக் கிளறிப் பார்க்கலாமா?


கடல்நீர்_சிவா எழுதியது:

கிளறிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 90 லிட்டர் சின்னத் தொட்டி. மணலுக்கு அடியில் எதாவது செத்து அழுகினால் அமோனியா ஏறி மற்ற மீன்களும் போய்விடும். எனக்கு ஒரு கடல் நத்தையால் அப்படி நடந்திருக்கிறது. ஆறு நாள் என்பது அதிகம்.


மணல்வளை எழுதியது:

நிலாஅம்மா, பாறையில் கை வைக்காதீர்கள். சிவா தம்பி சொல்வது நத்தைக்குச் சரி, பெரிய நத்தை அழுகினால் தண்ணீர் கெட்டுத்தான் போகும். இங்கே நிலைமை வேறு. அமோனியா சோதனைக் குப்பி இருந்தால் இன்றைக்கும் நாளைக்கும் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் தண்ணீர் கெடவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். கிளறினால் வளை மொத்தமும் சரிந்துவிடும். உயிரோடு உள்ளே இருப்பதை நம் கையாலேயே புதைத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் டப்பாவில் வைத்திருப்பதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செத்த இறால் என்றால் உள்ளே சதை இருக்கும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மங்கிப்போய், மூடியைத் திறந்ததும் நாற்றம் அடிக்கும். இறால் வளரும்போது கழற்றிப் போடும் பழைய ஓடு, அதாவது சட்டை, என்றால் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும், எடையே இருக்காது. தலை ஓடும் வால் பகுதியும் சேரும் இடத்தில், முதுகுப் பக்கம், ஒரு வெடிப்பு தெரியும். இறால் அந்த வழியாகத்தான் பழைய ஓட்டைக் கழற்றி வெளியே வரும். கால், மீசை, கண்ணின் மேல் உறை வரைக்கும் அப்படியே கழன்று வந்திருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது பங்கு அது சட்டைதான்.

சட்டை உரித்த இறால் ரொம்ப மென்மையாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் எந்த மீனும் ஒரே கடியில் முடித்துவிடலாம். அதனால்தான் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிறது. ஓடு இறுகி, தைரியம் வந்த பிறகுதான் திறக்கும். ஐந்து வாரத்தில் சட்டை உரிப்பது இயல்புதான். உங்கள் இறாலுக்கு ஒரு கை வேறு போயிருக்கிறது, அதற்கு உரித்தே ஆக வேண்டும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கிளறாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என்னிடம் முதன்முதலில் இருந்தவை இதே யெல்லோ வாட்ச்மேன் இனத்துக் கோபிகள் இரண்டும் ஒரு இறாலும். ஒரு கோபி மஞ்சள், மற்றது சாம்பல் கலந்த பழுப்பு. இந்த மீனில் இரண்டு நிறமும் உண்டு, சாம்பல் நிறத்தைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கட்டத்தில் ஒரு வாரத்துக்கு மேல் மஞ்சள் மீனைக் காணவில்லை. சாம்பல் மட்டும் வாசலில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்விசை எல்லாம் நிறுத்தி, கையை விட்டு, மெதுவாகத்தான் தூக்கினேன், தட்டையான ஒரு பாறையை. பாறையின் அடிப்பக்கம் நகத்தளவு இடத்தில் முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு நூல் மாதிரியான காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மஞ்சள் மீன், துடுப்பை விசிறி மாதிரி அடித்துக்கொண்டு. கோபிகளில் ஆண்தான் முட்டையைக் காவல் காக்கும், வாலாலும் துடுப்பாலும் நல்ல தண்ணீரை அதன் மேல் வீசிக்கொண்டே இருக்கும். அத்தனை நாளும் அது அந்த வேலையில்தான் இருந்திருக்கிறது.

நான் பார்த்தது இரண்டு விநாடிகூட இருக்காது. சுற்றியிருந்த மணல் சரிந்து எல்லாம் மூடிக்கொண்டது. மஞ்சள் மீன் தப்பி வெளியே வந்தது. மறுநாள் முட்டைகள் இல்லை. இறால் அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. இரண்டு மீனும் மூன்று நாள் அந்த இடத்துக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தன, வாசல் இருந்த இடத்தை வாயால் கொத்திக் கொத்தி. அதைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை.

அதிலிருந்து கற்றுக்கொண்ட இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கும் அவசரம். பாறைகளை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? மணல் மேலா, தொட்டியின் அடிக் கண்ணாடி மேலா? மணலைப் போட்டுவிட்டு அதன் மேல் பாறையை அடுக்கினால், இறால் அடியில் தோண்டத் தோண்ட ஒரு நாள் பாறை இறங்கும். உள்ளே இருப்பது நசுங்கும். பாறை முதலில் கண்ணாடியில் உட்கார வேண்டும், மணலைப் பிறகுதான் சுற்றிலும் கொட்ட வேண்டும்.

அப்புறம் இரண்டு விஷயம். தொட்டிக்கு மூடி இருக்கட்டும், பயந்தால் இந்த மீன் ஒரே துள்ளலில் தரைக்கு வந்துவிடும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். செம்பு இறாலுக்கு விஷம்.


நிலாஅம்மா எழுதியது:

அண்ணா, படித்ததும் ஓடிப்போய் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். நாற்றமே இல்லை. கைபேசி விளக்கில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. முதுகில் நீங்கள் சொன்ன இடத்தில் வெடிப்பு இருக்கிறது. மீசைகூட முழுசாக இருக்கிறது. அமோனியா பூஜ்யம். பாறைகள் கண்ணாடி மேல்தான் இருக்கின்றன, தொட்டி அமைத்துக் கொடுத்தவர் அப்படித்தான் வைத்தார். இப்போதுதான் காரணம் புரிகிறது.

மகளிடம் டப்பாவைக் காட்டிவிட்டேன். "இது அவங்க பழைய சட்டைதானா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, பருத்திப் பஞ்சு வைத்து நகைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்தக் கை விஷயம் சொல்கிறேன் என்றீர்களே. மகளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "வீடு கட்டுறது எல்லாம் இறால். மீன் சும்மாவே உக்காந்திருக்கு. ஏன் இறால் அதை வெளிய போகச் சொல்லலை?"


பாம்பன்காரன் எழுதியது:

அக்கா, நான் தொட்டி வைப்பவன் இல்லை. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை. படங்களைத் தேடும்போது இந்தப் பக்கம் வந்தேன், எழுதாமல் போக மனசு வரவில்லை.

நீங்கள் கோபி என்று சொல்வதை எங்கள் ஊரில் உளுவை என்போம். அது ஒரு மீனின் பெயர் இல்லை, அந்த வகை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்வது. ஆற்று உளுவை பெரிசாக வரும், குழம்புக்கு நன்றாக இருக்கும். கடலோரத்தில் மணலில் கிடக்கிற உளுவை விரல் நீளம்கூட இருக்காது, யாரும் பிடிப்பதில்லை. சின்ன வயசில் கடல் உள்வாங்குகிற வற்றத்துக்குக் கணுக்கால் தண்ணீரில் நடப்போம். காலடி பட்டதும் மணல் நிறத்திலேயே ஒன்று சட்டென்று ஓட்டைக்குள் போகும். நண்டு வளை என்று நினைத்துக் கையை விடப் போனால் அம்மாச்சி திட்டுவாள், "அடுத்தவன் வீட்டுக்குள்ள கைய விடாத."

அந்த மீன் தானாகத் தோண்டின ஓட்டை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். உள்ளே இன்னொருவர் இருந்து தோண்டிக் கொடுப்பார் என்று இங்கே படித்துத்தான் தெரிந்தது. எங்கள் கரையில் நான் பார்த்ததும் இதே வகையா என்று சொல்லத் தெரியாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது குனிந்து பார்ப்பேன்.


மணல்வளை எழுதியது:

பாம்பன்காரன், உங்கள் அம்மாச்சி சொன்னதை இந்தத் தொட்டிக்காரர்கள் எல்லாரும் எழுதி ஒட்டி வைக்கலாம். அப்படியே பாருங்கள், அசையாமல் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் ரகசியம்.

நிலாவின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. ஆய்வாளர்களே ரொம்ப நாள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இறாலுக்குக் கண் பார்வை ரொம்ப மங்கல். தோண்டின மணலைக் கொட்ட வாசலைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே எது நின்றாலும் அதற்குத் தெரியாது. மீனுக்கு இறால் மாதிரித் தோண்ட வராது, ஆனால் கண் கூர்மை. அதனால் ஒரு ஏற்பாடு. இறால் வெளியே வரும்போது தன் மீசையை மீன் மேல் வைத்துக்கொள்ளும். நீங்கள் முதல் நாளே பார்த்தது அதுதான். மீன் எதையாவது கண்டால் வாலை மெல்ல ஒரு நடுக்கு நடுக்கும், அவ்வளவுதான். மீசை வழியாக அது இறாலுக்குப் போய்விடும், இறால் பின்வாங்கிவிடும். ஆபத்து நெருங்கிவிட்டால் மீனே தலை முதலாக வளைக்குள் பாயும். அப்போது இறாலுக்குச் சந்தேகமே வராது.

மீன் வாசலில் இல்லாதபோது இறால் வெளியே வருவதைப் பார்ப்பது அபூர்வம். காலையில் முதலில் மீன், பிறகு இறால். மாலையில் முதலில் இறால் உள்ளே போகும், மீன் கடைசி. இரவில் இரண்டும் உள்ளே, வாசல் மூடிவிடும். ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பதாக நிலா நினைப்பதுதான் மீனின் வேலை. அது அசையாமல் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் இறாலால் வேலை செய்ய முடியும்.

செங்கடலில் எய்லாத் கரையில் இலான் கார்ப்ளஸ் என்ற ஆய்வாளர் இந்த ஜோடியைப் பல வருஷம் ஆராய்ந்தார். அவரும் கூட்டாளிகளும் 1972-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மீன் எப்படி இறாலைத் தேடிக் கண்டுபிடிக்கிறது, இறால் எப்படி மீனைக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கேள்வி. மீன் கண்ணால் பார்த்துப் போகிறது. இறாலோ தண்ணீரில் கரைந்து வரும் மீனின் வாடையை வைத்துப் போகிறது. உங்கள் வீட்டில் முதல் நாள் ராத்திரி இடது மூலையும் வலது மூலையும் ஒன்றானதும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில், மீன் வளைக்குள் இடும் கழிவை இறால் உணவாகச் சாப்பிடுகிறது, இறாலுக்கு அது முக்கியமான உணவு என்று காட்டியிருக்கிறார்கள். நிலாவுக்கு இது பிடிக்கிறதோ இல்லையோ, மீனிடமிருந்து காவலும் வருகிறது, சாப்பாடும் வருகிறது என்று சொல்லுங்கள். ஆறு நாள் வாசலை அடைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறதே என்று நீங்கள் கவலைப்படவும் வேண்டாம்.

இப்போது கை. பெரிய கை போன பிஸ்டல் இறாலுக்கு என்ன ஆகும் என்று 1900-களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். போன பக்கத்தில் பெரிய கை முளைக்காது. மிச்சம் இருக்கிற சின்னக் கை அடுத்தடுத்த சட்டைகளில் பெருத்துத் துப்பாக்கிக் கையாக மாறிவிடும், போன பக்கத்தில் சின்னக் கை ஒன்று முளைக்கும். அதாவது வலதுகைக்காரர் இடதுகைக்காரர் ஆகிவிடுவார். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, ஆனால் எந்தப் பக்கம் எது வளரும் என்று சொல்லியிருக்கலாம். நகைப்பெட்டியில் இருக்கிற சட்டையின் கையையும், அடுத்த தடவை வெளியே வரும்போது இறாலின் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பக்கத்துக் கை தடித்திருக்க வேண்டும்.

அது முழுசாக வளர்ந்த பிறகு ஒரு நாள் ராத்திரி தொட்டிக் கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். எழுந்து தரையில் தண்ணீர் இருக்கிறதா என்று தேட வேண்டாம், இப்போதே சொல்லிவைக்கிறேன். இறால் கையை மூடும்போது தண்ணீர் ஒரு ஊசி மாதிரி பீய்ச்சி அடிக்கும். அதன் பின்னால் ஒரு குமிழி உண்டாகி உடனே நொறுங்கும். கை ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2000-ல் நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்து, சத்தம் அந்தக் குமிழி நொறுங்குவதால் வருகிறது என்று காட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடக் கடலுக்குள் காது வைத்துக் கேட்டவர்களுக்கு இந்தச் சத்தம்தான் பெரிய தொந்தரவு. ஆயிரக்கணக்கான இறால்கள் சேர்ந்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல விடாமல் கேட்கும்.

சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் ஹந்து என்ற இரட்டைத் தீவில் முக்குளிக்கத் தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் முதலில் கேட்பது அந்தக் கடுகுச் சத்தம்தான். நிலாஅம்மா, இதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் தொட்டி மீன் அநேகமாக இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ பையில் வந்திருக்கும். ஆனால் அதே மீன் நம் கடலிலும் இருக்கிறது. வெஸ்ட் கோஸ்ட் படகுத்துறையிலிருந்து படகில் போகிற தூரம்தான். எதிரே புக்கோம் தீவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய்களும் தொட்டிகளும் நிற்கும். இந்தப் பக்கம் பெரிய ஹந்து, சின்ன ஹந்து, நடுவில் மணல் படிந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. வற்றம் நன்றாக இறங்கினால் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

அங்கே தண்ணீர் தெளிவாக இருக்காது. நல்ல நாளிலேயே மூன்று மீட்டருக்கு அப்பால் எல்லாம் பச்சைக் கலங்கல். அதனால் மீனைத் தேட முடியாது, மணலில் குப்பையைத் தேட வேண்டும். புதிதாகக் கொட்டின மணல் ஒரு விசிறி மாதிரி பரவியிருக்கும், சுற்றியிருக்கிற மணலைவிட நிறம் கொஞ்சம் வெளுப்பு. விசிறியின் காம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் வாசல். உடைந்த சிப்பியும் பவளத் துண்டும் வைத்து வாசல் விளிம்பைக் கட்டியிருக்கும், நிலைப்படி மாதிரி. இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் குப்புறக் கிடந்தால் முதலில் இரண்டு கண்கள் மேலே வரும். பிறகு அந்தக் கோப முகம். அது உங்களை ஏற்றுக்கொண்டு முழு உடம்பையும் வெளியே கொண்டுவரப் பத்து நிமிஷம் ஆகலாம். அதற்கப்புறம் ஒரு மீசை நுனி வெளியே வந்து மீனின் வால் மேல் படியும். பின்னாலேயே ஒரு கை மணல்.

ஒரு தடவை இறால் ஒரு பவளத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது, அதன் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கும். வாசலில் சிக்கிக்கொண்டது. இழுத்தது, திருப்பியது, மறுபடி இழுத்தது. மீன் அசையவே இல்லை. வாலை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி வழி விட்டது, மீசை மட்டும் அதன் மேலிருந்து எடுபடவில்லை. நான் காற்று தீரும் வரைக்கும் அங்கேயே கிடந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். போனால் பார்த்துவிட்டு வாருங்கள், வலை எடுத்துப்போக வேண்டாம். இனி மீன் வாங்குவதென்றால் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோபி கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். இந்த மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்கள் கூடினால் கடைக்காரர்களும் கொண்டுவருவார்கள்.


கடல்நீர்_சிவா எழுதியது:

கிளறச் சொன்னது தப்புதான். அண்ணா சொன்ன முட்டைக் கதையைப் படித்து மனசு கனத்துவிட்டது. நிலாஅம்மா, சாப்பாடு விஷயத்தில் மட்டும் நான் ஒன்று சொல்கிறேன், இது எனக்குப் பலித்தது. உறைந்த மைசிஸை (மீன் தீனியாக விற்கும் குட்டி இறால் போன்றது) தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, நீளமான பிப்பெட்டில் உறிஞ்சி, வாசலுக்கு ஒரு சாண் தள்ளி மெதுவாக விடுங்கள். வாசலுக்குள்ளேயே பீய்ச்ச வேண்டாம், மணல் சரியும். தினமும் ஒரே நேரத்தில் விட்டால் மீன் நேரம் பழகிவிடும்.


நிலாஅம்மா எழுதியது:

திறந்துவிட்டது!

ஒன்பதாவது நாள் காலை ஏழு மணி. மகள்தான் முதலில் பார்த்தாள். மூடிக் கிடந்த மணல் நடுவில் சின்னதாக ஒரு குழி விழுந்தது, குழி பெரிதாகி மீனின் மூக்கு வந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே. பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிறது, இவள் நகரமாட்டேன் என்கிறாள். நானும் விட்டுவிட்டேன். பிறகு மீசை வந்தது. வெள்ளை வெளேரென்று, புதுசு.

கையைப் பார்த்துவிட்டோம் அண்ணா. சட்டையில் இருக்கிற கை ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. இப்போது அதே பக்கத்துக் கை நன்றாகத் தடித்திருக்கிறது. மொட்டையாக இருந்த பக்கத்தில் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு குட்டிக் கை. அதையும் சேர்த்து மணலை அள்ளுகிறது. அன்றைக்கு முழுக்க ஒன்பது நாள் வேலையையும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி மணலைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

சிவா, பிப்பெட் யோசனைக்கு நன்றி. மீன் இரண்டு மைசிஸைத் தின்றது. மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டு வெறும் வாயோடு திரும்பி வந்தது. உள்ளே துப்பியதா, தின்றதா என்று பார்க்க முடியவில்லை. மகள் இறாலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது என்று தீர்மானமாகச் சொல்கிறாள்.


பாம்பன்காரன் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அக்கா. போன ஞாயிறு நானும் இரண்டு பேரும் வற்றத்துக்கு சாங்கி கடற்கரையில் நடந்தோம். கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கடுகுச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் காதை வைத்துக் கேட்டேன். ஊரில் சின்ன வயசில் கேட்ட அதே சத்தம். அது என்ன என்று அப்போது யாரையும் கேட்டதே இல்லை.


நிலாஅம்மா எழுதியது (ஏழு வாரம் கழித்து):

மணல்வளை அண்ணாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே வந்தேன். நடுவில் இன்னொரு சட்டை உரித்தது. இந்தத் தடவை ஐந்து நாள் அடைத்திருந்தது, நாங்கள் பயப்படவில்லை. நகைப்பெட்டியில் இப்போது இரண்டு சட்டைகள், பக்கத்தில் தேதி எழுதின சீட்டு.

நேற்று ராத்திரி இரண்டரை மணி இருக்கும். கூடத்தில் "டக்". நான் எழுந்து உட்கார்ந்தேன், கை விளக்கைத் தேடுகிறது, கண் தரையைத் தேடுகிறது. அதற்குள் மகள் தன் அறையிலிருந்து வெறுங்காலோடு ஓடி வருகிறாள். "அம்மா, கை வந்திருச்சு!"